தாலி கட்டும்போது வந்த தாலாட்டு

நாகப்பனுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் ஒரு எழுத்தைப் போட்டுப் பக்கத்தில் கோடு இழுப்பான். பகலில் எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற தளத்தில் வேலை. மற்ற நேரத்தில் மைக்செட். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, கோயில் திருவிழா, சாவு, எதுவாக இருந்தாலும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். லயத்து வரிசை வீடுகளில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். சத்தம் கூட்டுகிற ஆம்புவையும் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு போக அவனுக்கு என்னுடைய பழைய வேன் வேண்டும். அதனால் அவன் போன இடத்துக்கெல்லாம் நானும் போயிருக்கிறேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல காரியப் பாட்டையும் சாவுப் பாட்டையும் ஒன்றாக வைக்க மாட்டான். கேசட் காலத்திலேயே அப்படித்தான். நல்லதுக்கான கேசட் எல்லாம் சிவப்பு பிஸ்கட் டின்னில், சாமி படத்துக்குக் கீழே. சங்கு, சேகண்டி, ஒப்பாரி கேசட் எல்லாம் வேறு டின்னில், வீட்டுக்கு வெளியே, குளியலறைக் கூரை இடுக்கில். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அந்த டின்னை வெளியே சொருகிவிட்டு, தலை முழுகின பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பான். ஒரு தடவை ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கிண்டலாகக் கேட்டார், கேசட்டுக்குத் தீட்டு என்றால் ஆம்புவுக்கும் குழாய்க்கும் கிடையாதா, இரண்டு வீட்டிலும் அதே குழாய்தானே பாடுகிறது என்று. நாகப்பன் அசரவில்லை.

"ஐயா, வாய் ஒண்ணுதான். நல்லதும் கெட்டதும் அதுலதான் பேசுறோம். அதுக்காக வாயை ரெண்டா வச்சிருக்கோமா? பேச்சைத்தான் பிரிச்சு வைக்கணும்."



இந்த மலையில் பனியும் ஈரமும் எதையும் விட்டுவைக்காது. கேசட்டில் பூஞ்சை பிடித்தது. பிறகு வாங்கின சீடியிலும் பிடித்தது. கடைசியில் பிரிஞ்சாங் டவுனில் கைபேசியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற ரிதுவானிடம் போனோம். கீழே அவன் அம்மா மஜீதா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், மாடியில் இவன் கடை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொறுமையான ஆள். பழைய லெப்தாப் ஒன்றைத் துடைத்துக் கொடுத்து, பாட்டு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டுத் தருகிறேன் என்றான். நாகப்பன் ஒப்பவில்லை. இரண்டு பெண்ட்ரைவ் கேட்டான். நல்லதுக்குச் சிவப்பு, சாவுக்குக் கறுப்பு. லெப்தாப் வெறும் வாயாக இருந்தால் போதும், பேச்சு இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. சிவப்பு, சாமி படத்து ஆணியில் தொங்கியது. கறுப்பு, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறைக் கூரை இடுக்குக்குப் போனது.

பாட்டின் பெயரெல்லாம் இங்கிலீஸ் எழுத்தில் இருந்தது. தமிழில் இருந்தாலும் நாகப்பனுக்கு ஒன்றுதான். ரிதுவான் யோசித்து ஒரு வேலை செய்தான். சிவப்பில் இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் ஒட்டினான். தொடக்கப் பாட்டுக்குப் பிள்ளையார். ஊஞ்சல் பாட்டுக்கு ஊஞ்சல். கெட்டிமேளத்துக்குத் தவில். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல். பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்குப் போடுகிற தாலாட்டுக்குத் தொட்டில். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் தீப்பெட்டிப் படம் மாதிரி வரிசையாக நிற்கும். அதைப் பார்த்ததும் நாகப்பனுக்கு வாயெல்லாம் பல். கறுப்புக்குப் படம் வேண்டாம் என்றுவிட்டான். சாவுக்கு என்ன படம், முதல் பாட்டைத் தட்டிவிட்டால் கடைசிவரைக்கும் தானாக ஓடட்டும் என்றான்.

தொல்லை கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்தது.

ஒரு சடங்கு வீட்டில் லெப்தாப்பைத் திறக்கிறான், சிவப்பைச் சொருகுகிறான், படத்தைக் காணோம். படம் இருந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து, மேலிருந்து கீழே. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரே மாதிரி சின்னக் குறி. லெப்தாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டி, "எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி மச்சான்" என்றான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சடங்குக்காரப் பிள்ளை கல்யாண வயசுக்கு வந்துவிடும். ரிதுவானுக்குப் போன் போட்டோம். வெற்று இடத்தில் வலது பக்கத்துப் பொத்தானைத் தட்டு, மேலே முதலில் வருவதைத் தொடு, அதிலும் முதலில் வருவதைத் தட்டு என்றான். தட்டினோம். பிள்ளையார் வந்தார், தவில் வந்தது, தொட்டில் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பொடி எழுத்து. மறுபடியும் தட்டினால் படம். அடுத்த காரியத்துக்கு மறுபடியும் பொடி எழுத்து. சில தடவை படம் அப்படியே இருக்கும், சில தடவை இருக்காது. எப்போது இருக்கும், எப்போது போகும் என்று ஒரு முறையும் கிடையாது. நாகப்பனுக்கு அதுதான் எரிச்சல். எப்போதும் மறந்தால் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கலாம். நினைத்தால் ஞாபகம் வைக்கிறது, நினைத்தால் மறக்கிறது என்றால் என்ன செய்வது? பேக்டரியில் கொழுந்தைக் கிளறிக்கொண்டே முணுமுணுப்பான், சொன்னால் சரி என்கிறது, திரும்பிப் பார்த்தால் மறந்துவிடுகிறது, மனுசனாக இருந்தால் டாக்டரிடமாவது காட்டலாம் என்று.

பிரிஞ்சாங்குக்குப் பல தடவை போனோம். ரிதுவான் ஒவ்வொரு தடவையும் எதையோ தட்டி, எல்லா ஃபோல்டருக்கும் இதே மாதிரி என்று கட்டளை போட்டுவிட்டேன், இனிமேல் மாறாது என்பான். சிவப்பை உருவி உருவிச் சொருகிக் காட்டுவான். படம் நிற்கும். கீழே மஜீதா கடையில் ரொட்டி சானாய் தின்று தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு வருவோம். அவன் கடையில் பதவிசாக இருந்த லெப்தாப், தோட்டத்துக்கு வந்ததும் பழையபடி புத்தியைக் காட்டும். பாட்டுக்கு எண் போட்டுத் தருகிறேன், எண் தெரியுமே உங்களுக்கு என்றான் ரிதுவான். இத்தனை பாட்டுக்கு இத்தனை எண்ணை மனசில் வைக்க நான் என்ன கிராணியா என்று இவன் முறைத்தான்.

கடைசியில் நாகப்பன் அதையும் வேலையில் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொண்டான். விசேஷ வீட்டில் குழாயைக் கட்டி, ஒயரை இழுத்து, ஆம்புவுக்கு ஒரு சூடம் காட்டி, அப்புறம் வலது பொத்தானைத் தட்டிப் படம் வைப்பான். நேரம் இருந்தால் ஒன்றும் பிரச்சினை இல்லை. நேரம் இல்லாத ஒரு நாள் வந்தது.

மணியம் எங்கள் தோட்டத்துக் கங்காணி. அவர் மகள் பிரேமலாவுக்குக் கம்போங் ராஜாவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் பேர் ஷாமல், காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன்னால் தாலியைக் கட்டிவிடலாம் என்று அவசரமாகத் தேதி வைத்தார்கள். அவசரக் கல்யாணம் என்றால் லயத்தில் வாய் சும்மா இருக்குமா? பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலேயே அந்தப் பேச்சு இருந்தது. மணியத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது. யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று மாவிலைத் தோரணம் முதல் வெற்றிலைத் தட்டுவரை அவரே நின்று பார்த்தார். ஈப்போ நாதஸ்வரக் கோஷ்டிக்கு அன்றைக்கு வேறு கல்யாணம். அதனால் மேளமும் நாகப்பன் பொறுப்பு. அவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார், மற்றது எது தவறினாலும் கெட்டிமேளம் தவறக் கூடாது என்று. தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ, கெட்ட வார்த்தையோ பெண்ணின் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்.

நாகப்பன் முந்தின நாள் சாயங்காலமே சிவப்பைச் சொருகி, படம் வைத்து, தவிலைத் தட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டான். எல்லாம் சரியாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமல் எங்கள் லயத்துக் கோகிலன் வந்து நின்றான். அவன் அப்பா போன வாரம்தான் இறந்துபோனார். அன்றைக்கு எட்டாம் நாள் காரியம். படையல் நேரத்தில் வீட்டில் போடச் சாவுப் பாட்டு வேண்டும், கைபேசியில் ஏற்றிக்கொண்டு உடனே போய்விடுகிறேன் என்றான். நாகப்பன் தலை முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறான். கல்யாணத்துக்குப் போகிற கையால் கறுப்பைத் தொட முடியாது. அப்பாவை இழந்தவனை வெறும் கையோடு அனுப்பவும் மனசில்லை. லெப்தாப்பை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்தான். கறுப்பு இருக்கிற இடத்தைக் கையால் காட்டினான். நீயே எடுத்துச் சொருகி, நீயே உருவி, இருந்த இடத்திலேயே வைத்துவிடு என்று சொல்லிவிட்டு, தண்ணிக் குழாயடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். திரும்பியே பார்க்கவில்லை.

கோகிலன் போனதும் தனலெட்சுமி மஞ்சள் தண்ணி கொண்டுவந்தாள். தனலெட்சுமி நாகப்பன் பெண்டாட்டி. நாகப்பன் மாவிலையில் தொட்டு லெப்தாப்பைச் சுற்றித் தெளித்தான். பொத்தானில் படாமல் மூடியின் மேலே இரண்டு சொட்டு. பிறகு சால்வையில் சுற்றி வேனில் ஏற்றினான். அவனைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்தது.

கல்யாணம் கோலா தெர்லா பக்கத்துக் கோயில் மண்டபத்தில். பாதி வழியில் முட்டைக்கோஸ் லோரி ஒன்று டயர் வெடித்து நடுரோட்டில் சாய்ந்திருந்தது. கோஸ் உருண்டு கிடந்தது, சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துவிட்டான். குழாயை நான் கட்டினேன், ஒயரை அவன் இழுத்தான். சூடம் காட்டக்கூட நேரமில்லை. பிரேமலாவை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். தாலித் தட்டு சுற்றி வருகிறது. நாகப்பன் லெப்தாப்பைத் திறந்தான், சிவப்பைச் சொருகினான்.

பொடி எழுத்து.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் விரல் வலது பொத்தானுக்குப் போவதற்கும் ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்று கத்துவதற்கும் சரியாக இருந்தது. படம் வைக்க நேரம் கிடையாது. தவில் எப்போதும் இரண்டாம் வரிசையில் முதல் படம். பொடி எழுத்தில் அந்த வரிசை இல்லை, ஆனாலும் அந்த ஞாபகத்தில் விரலால் எண்ணி ஒன்றைத் தட்டினான்.

"ஆராரோ ஆரிரரோ" என்று ஒரு பொம்பளைக் குரல் இரண்டு குழாயிலும் கிளம்பியது.

எதிர் மேட்டுத் தேயிலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷாமல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். நாகப்பன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினான். அதுதான் பெரிய தப்பு. தாலாட்டாவது ஓடியிருந்தால் வேறு எதுவும் கேட்டிருக்காது. மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷாமலின் அத்தை வசுமதி சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. சிரித்ததோடு விடவில்லை.

"அவசரம்னு சொன்னாங்க. இவ்வளவு அவசரம்னு சொல்லலையே."

மூன்றாவது முடிச்சு விழுந்தபோது பிரேமலாவின் காதில் விழுந்தது அதுதான். நாகப்பன் அடுத்ததைத் தட்டினால் வளையல் பாட்டு. அதற்கடுத்ததைத் தட்டினால் ஊஞ்சல். கெட்டிமேளம் வந்தபோது அட்சதை போட்டு முடித்து, பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

 பந்தி முடிந்து நாங்கள் ஒயரைச் சுருட்டும்போது மணியம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாகப்பா, நீ சாவு வீட்டுக்குப் போ. நல்ல காரியத்துக்கு இனிமே வராதே" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் நாகப்பன் லெப்தாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கோலா தெர்லா தாண்டினதும் ஒன்று சொன்னான். நல்ல வேளை, சிவப்பில் சாவுப் பாட்டு இல்லை, இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்றான். 

அடுத்த நாளே பிரிஞ்சாங்குக்குப் போனோம். ரிதுவான் இந்தத் தடவை கேள்வி கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் லெப்தாப்பில் என்ன சொருகினீர்கள் என்றான். நாகப்பன் ஒன்றும் சொருகவில்லை என்று சாதித்தான். அவன் சொருகவில்லைதான். நான்தான் கோகிலன் வந்த கதையைச் சொன்னேன். ரிதுவான் இரண்டு பெண்ட்ரைவையும் கேட்டான். கறுப்பை நான்தான் நீட்டினேன். முதலில் சிவப்பு, படம் வைத்தான். உருவினான். கறுப்பைச் சொருகித் திறந்தான், அதில் படம் இல்லாததால் பொடி எழுத்தாகவே வந்தது, உருவினான். மறுபடியும் சிவப்பு. பொடி எழுத்து.

"இதுதாண்ணே விசயம்" என்றான். "இதுக்கு ஆளைத் தெரியாது. வாசல்தான் தெரியும். கறுப்பு வந்தாலும் சிவப்பு வந்தாலும் ஒரே வாசல், ஒரே பேர்னு நினைச்சுக்குது. கடைசியா வந்தவன் எப்படி உக்காந்தானோ, அடுத்து வர்றவனையும் அப்படியே உக்கார வச்சிடுது."

நாகப்பன் லெப்தாப்பைக் காட்டிக் கேட்டான்.

"அப்ப கறுப்போட தீட்டு சிவப்புல ஒட்டிக்கிச்சுன்னுதானே அர்த்தம்?"

ரிதுவான் என்னைப் பார்த்தான். பிறகு, "அப்படியும் சொல்லலாம்லா அண்ணே" என்றான்.

நாகப்பனுக்கு அது போதும். இத்தனை நாள் அவன் புரியாமல் திட்டிக்கொண்டிருந்தது புரிந்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் அது மறந்திருக்கிறது. ரிதுவான் கடையில் சிவப்பை மட்டும் சொருகிப் பார்த்ததால் அங்கே மறக்கவில்லை. மஞ்சள் தண்ணி வெளியேதான் பட்டது, உள்ளே போகவில்லை. பாட்டை எல்லாம் லெப்தாப்புக்குள் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது என்று ரிதுவான் மறுபடியும் சொன்னான். பார்த்தாயா, வெளியே வைத்தே இப்படி ஒட்டுகிறது, உள்ளே ஒன்றாகப் போடச் சொல்கிறாயா என்று நாகப்பன் திருப்பிக் கேட்டான். கடைசியில் ரிதுவான் சிவப்புக்குத் தனிப் பேர், கறுப்புக்குத் தனிப் பேர் கொடுத்து, இரண்டும் இரண்டு வாசல் என்று கம்ப்யூட்டரை நம்பவைத்தான். சொருகிச் சொருகிப் பார்த்தோம். படம் நின்றது.

லெப்தாப்பைச் சரி பண்ணியாயிற்று. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. மணியம் சொன்னது ஒரே நாளில் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கோயில் திருவிழாவுக்குக் கம்போங் ராஜாவிலிருந்து கலர் லைட்டோடு ஒரு கோஷ்டியைக் கொண்டுவந்தார்கள். கல்யாணம், சடங்கு எல்லாம் அவர்களுக்கே போனது. சாவு விழுந்தால் மட்டும் நாகப்பன் வீட்டுக் கதவு தட்டப்படும். கறுப்பு போய்ப் போய் வந்தது. சிவப்பு ஆணியிலேயே தொங்கியது. சும்மா நடந்து போனால்கூட, எங்கே நாகப்பா போகிறாய், யார் வீட்டில் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தடவை உடம்பு சரியில்லாமல் கிடந்த ஒரு பெரியவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். அந்த வீட்டு மருமகள் இவனைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டாள். பழத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். தனலெட்சுமிதான் என்னிடம் சொன்னாள், நல்லதுக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டால் அதோடு ஆம்புவை விற்றுவிடலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

கம்போங் ராஜாவில் பிரேமலாவின் பாடு இதைவிட மோசம். ஷாமல் சிங்கப்பூரில், இவள் மாமியார் வீட்டில். அத்தை வசுமதி அடுத்த வீடு. முதலில் கொஞ்ச நாள், தாலாட்டுக் கல்யாணக்காரி என்று பேர். வயிறு பெரிதாகவில்லை என்றதும் பேச்சு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, திரும்பிக்கொண்டது. தாலாட்டு மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது, பிள்ளையைத்தான் காணோம் என்றார்களாம். மணியம் பெண்டாட்டி இதைச் சொல்லித் தண்ணிக் குழாயடியில் அழுதாள். நாகப்பன் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வாளி நிரம்பி வழிந்தது, அவன் பார்க்கவில்லை.

அந்தத் தீபாவளி போய், அடுத்த தீபாவளியும் தாண்டினபிறகு பிரேமலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிள்ளை, அதனால் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பேர் வைக்கிற நாளுக்கு மணியம் அந்தக் கலர் லைட் கோஷ்டியைப் பேசியிருந்தார். ஒரு சாயங்காலம் பிரேமலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகப்பன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"மாமா, அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்கதான் வந்து போடணும். தாலாட்டு மட்டும் இல்ல. மொதல்ல கெட்டிமேளம் போடணும். அன்னிக்கு என் காதுல விழல. எல்லாரும் இருக்கும்போது விழணும்."

நாகப்பன் சரி என்றான்.  அவள் போன பிறகு ஆணியிலிருந்து சிவப்பை எடுத்து வேட்டியில் துடைத்தான். சொருகிப் பார்த்தான். படம் இருந்தது.

பேர் வைக்கிற அன்றைக்கு மணியம் வீட்டு முன்னால் பந்தல். நேரத்தோடு போய்க் குழாயைக் கட்டிவிட்டோம். சூடம் காட்டினோம். மணியம் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார், கிட்டே வரவில்லை. கம்போங் ராஜாக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், வசுமதி முதல் வரிசை. ஷாமல் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். நாகப்பன் லெப்தாப்பைத் திறந்தான். அது உடனே எழுந்திருக்கவில்லை. தன்னைத்தானே புதுசு பண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறு என்கிற மாதிரி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடிக்கவும் தொட்டிலைப் பந்தலுக்குக் கொண்டுவரவும் சரியாக இருந்தது. சிவப்பைச் சொருகினான்.

பொடி எழுத்து.

வலது பொத்தானைத் தட்டினான். வழக்கமாக வருகிற பெட்டி வரவில்லை, வேறு ஏதோ புது மாதிரி ஒன்று வந்தது. மேலே முதலில் இருந்ததைத் தொட்டால் அது வேறு. புதுசு பண்ணிக்கொண்டதில் எல்லாம் இடம் மாறிவிட்டது. ரிதுவானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பந்தலில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். மணியம் முகம் கறுத்தது.

எண்ணித் தட்டிவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் தட்டவில்லை. ஆம்புவின் சத்தத்தை முழுக்கக் குறைத்தான். சட்டைப் பையிலிருந்து காதில் மாட்டுகிற ஒயரை எடுத்து லெப்தாப்பில் சொருகி, ஒரு காதில் மாட்டிக்கொண்டான். மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்க ஆரம்பித்தான். ஒன்றைக் கேட்பான், தலையாட்டுவான், அடுத்தது. அவசரமே இல்லை. அந்தச் சாவுக் காலத்தில் கற்றுக்கொண்டதாக இருக்கும். சாவு வீட்டில் யாரும் அவனை அவசரப்படுத்தியதில்லை.

வசுமதி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், இந்தத் தடவை கருமாதிப் பாட்டா வரப்போகிறது என்று. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நாகப்பனுக்கு ஒரு காது அடைத்திருந்தது, மற்றதில் கேட்டிருக்கும். நிமிரவில்லை.

பிரேமலாதான் பேசினாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அது வராது அத்தை. அதை மாமா வேற இடத்துல வச்சிருக்காரு. நல்லதையும் கெட்டதையும் ஒண்ணா வைக்கிற பழக்கம் அவருக்கு இல்ல. தேடட்டும். நான் இவ்வளவு நாள் பொறுத்தேன், நீங்க கொஞ்சம் பொறுங்க."

வசுமதி முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். 

நாகப்பன் பாதிப் பட்டியலைத் தாண்டின பிறகு கையைத் தூக்கினான். காதிலிருந்து ஒயரை உருவினான். ஆம்புவைத் திருகினான். இரண்டு குழாயிலும் தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக இடித்தன. பந்தல் தகரம் அதிர்ந்தது. எதிர் மேட்டில் தேயிலை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வெட்டுவதை நிறுத்தினார்கள். பேர் வைக்கிற வீட்டில் எதற்குக் கெட்டிமேளம் என்று தெரியாதவர்கள் விழித்தார்கள். தெரிந்தவர்கள் பிரேமலாவைப் பார்த்தார்கள். அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஷாமல் என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றான். யாரோ சிரித்துக்கொண்டே அட்சதையை எடுத்து அவன் தலையில் போட்டார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள். மணியமும் ஒரு கை போட்டார்.

அதற்கப்புறம் தாலாட்டு. எங்கே இருக்கிறது என்று போகிற வழியிலேயே காதால் பார்த்து வைத்திருந்தான், ஒரே தட்டில் வந்தது. அந்தக் கெட்டிமேளத்துக்கு அசையாமல் தூங்கின பிள்ளை, ஆராரோ என்றதும் வீல் என்று கத்த ஆரம்பித்தது. நாகப்பன் சத்தத்தைக் குறைத்தான்.

பந்தி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது மணியம் வந்தார். கோயில் திருவிழா வருகிறது, சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போக வேன் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். நாகப்பனைக் கேட்கவில்லை. வேன் வந்தால் குழாயும் வரும் என்று அவருக்குத் தெரியாதா? கிடைக்கும் என்றேன்.

வேனில் ஏறினபிறகும் நாகப்பன் லெப்தாப்பை மூடவில்லை. ரிதுவான் திருப்பிக் கூப்பிட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தான், இவன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் பிள்ளையாரும் தவிலும் தொட்டிலும் வந்து வரிசையில் நின்றன. சால்வையில் சுற்றினான்.

"படம் வச்சிட்டியா?" என்றேன்.

"வச்சேன்."

"நாளைக்கு இருக்குமா?"

"இருக்காது" என்றான். "வண்டியை எடு."